ஒற்றை ஆளுக்கு ஒரு வண்டி

போடிநாயக்கனூருக்கு நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே என் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு என்றால் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆள் குனிந்துதான் நிற்க முடியும். தேக்குச் சட்டம், பலகைச் சுவர், பக்கத்துக்கு ஒரு ஜன்னல், உள்ளே ஒரு கட்டில். சக்கரம் மட்டும் கிடையாது. விருதுநகரில் அதை லாரியில் ஏற்றியபோது பார்த்தவர்களெல்லாம் புறாக்கூண்டா, சாமி சப்பரமா என்று கேட்டார்கள். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கிற டிரெய்லர் என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

விஷயம் இதுதான். என் கணவர் பொதுப்பணித் துறையில் வரைவாளர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பாலத்து வேலையைப் பார்க்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. நிற்பார், கம்பு ஊன்றிப் பத்துப் பதினைந்து அடி நடப்பார், மற்றபடி படுக்கைதான். அரை மணி நேரம் உட்கார்ந்தால் முகம் வெளுத்துவிடும். பஸ்சும் காரும் ஆகாது. ஆம்புலன்ஸ் பேச்சை எடுத்தால், "அதுல போனவன் எவன் திரும்பி வந்தான்?" என்பார். முதுகு வலியைவிடப் பெரிய வலி ஒன்றும் அவருக்கு இருந்தது. படுத்துக் கிடக்கிற தன்னை வெளியாள் யாரும் பார்த்துவிடக் கூடாது. விருந்தாளி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரே மகளின் கல்யாணத்துக்கே அறைக்குள் இருந்துதான் அட்சதை போட்டார்.

அந்த மகள் போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளைக்குத் தோட்டத்து ஆபீசில் வேலை. அவர்கள் குடியிருக்கிற வீட்டை என் கணவர் பார்த்ததில்லை. படுத்தபடியே அங்கே போய்ச் சேரத்தான் இந்த வண்டி. படம் போட்டவரும் இவரே. நெஞ்சின்மேல் பலகையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் வரைந்தார். முடித்த அன்றைக்கு என்னிடம், "ஒரு தடவை போய்ப் பாக்குறேன். சரிப்பட்டு வரலேன்னா பெறகு என்னை எங்கயும் கூப்பிடாதே," என்றார். சொன்னால் சொன்னபடி நிற்கிற மனிதர். ஆகவே இந்த வண்டி ஒழுங்காக ஓடாவிட்டால் இனி அவர் வாசல்படி தாண்டப் போவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மலைப்பாதையின் குணம் போடி ஜீப்புக்காரர்களுக்குத்தான் தெரியும், சக்கரத்தை அங்கே வைத்து மாட்டுங்கள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். என்ன சக்கரம், என்ன டயர், தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், இந்த மூன்றையும் முடிவு செய்ய நான் முன்னால் போக வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த ஒரே யந்திரம் டெலிபோன். எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷமாக ஆபரேட்டர். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காதது போல வாங்குவதில் கைதேர்ந்தவள். பாதியில் இணைப்பைத் துண்டிப்பதிலும் அப்படித்தான்.

வியாழக்கிழமை மதுரையில் போடி ரயிலைப் பிடித்தேன். அந்த ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. ஆண்டிபட்டிக்கு அப்பால் ஓரிடத்தில் ஆட்டுமந்தை குறுக்கே வந்து நின்றுவிட்டது. கார்டு இறங்கிப் போய் ஆட்டுக்காரரோடு ஊர்க்கதை பேசி முடித்துவிட்டு வந்து பச்சைக்கொடி காட்டினார். எதிரே இருந்த பெரியவர் கொய்யாப்பழத்தைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். "மலை எங்க ஓடியா போயிரும்? மெதுவா போகட்டும்," என்றார். ஜன்னலில் மலை தெரிய ஆரம்பித்தது. எங்கள் ஊரில் மலை என்றால் பேட்டையில் குவித்த மிளகாய் வற்றல்தான். இத்தனை பெரிய பச்சை ஒன்று வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், இதன்மேல் எங்கள் புறாக்கூண்டா ஏறப்போகிறது என்றுதான் முதலில் தோன்றியது.

போடியில் இறங்கி ஒரு லாட்ஜுக்குப் போனேன். கணக்கர் நோட்டைத் திறந்து, "கூட யாருக்கா வந்திருக்காக?" என்றார்.

"கூட ஒரு வீடு வந்திருக்கு. லாரி செட்டுல நிக்குது," என்றேன்.

நோட்டை மூடிவிட்டார். தனிப் பெண்ணுக்கு அறை கொடுத்தால் முதலாளி வைவாராம். அதிலும் வீட்டைக் கையோடு கொண்டு வருகிற பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பார்?

மாப்பிள்ளை கொடுத்திருந்த இன்னொரு விலாசம் பழைய டயர் கடை ராவுத்தருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் லாட்ஜ் கதையைச் சொல்லி முடிக்குமுன் அவர் மனைவி சபியா என் டிரங்குப் பெட்டியை உள்ளே கொண்டு போய்விட்டாள். அன்று மாலை இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி நான் பெருமையடிக்க நினைத்திருந்தேன். மூன்றாவது முறை பாயா ஊற்றிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சின்னச்சாமி வந்தார். பட்டறை வைத்திருப்பவர், சொந்தமாக ஒரு ஜீப்பும் உண்டு. எங்கள் வண்டியை மலைக்கு இழுத்துப் போகப் போகிறவரும் அவர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். என் கணவர் போட்ட படத்தை ராவுத்தர் கடைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு நட்டு வைத்தார். கார் சக்கரம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், மெல்லிய ஸ்பிரிங் என்று படம் சொன்னது.

"படம் நல்லாத்தான்க்கா போட்டிருக்காரு சாரு. ஆனா ரோட்டைப் பாக்காமப் போட்டிருக்காரு," என்றார் சின்னச்சாமி.

எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாத உழைப்பு அது. ஆனால் அவர் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். "ஜீப்புக்கு ஒரு ஸ்டெப்னி, இதுக்கு ஒரு ஸ்டெப்னின்னு ரெண்டையும் தூக்கிட்டுத் திரிய முடியுமா? ரெண்டுக்கும் ஒரே சக்கரமா இருந்தா ஒண்ணு போதும். கார் சக்கரத்தை மலையில எவன்கிட்டப் போயிக் கேப்பீக? தோட்டத்து ரோடு வேற, ரோடா அது? ரெண்டு பக்கம் சக்கரத் தடம், நடுவுல வரப்பு. இந்தச் சக்கரம் ஜீப்பு போற தடத்துலயே வரணும். ஒன்றரை அடியில நிறுத்துனீகன்னா வயிறு வரப்புல தட்டி உக்காந்துரும்."

சக்கரம் ஜீப்புச் சக்கரம் என்று முடிவாயிற்று. டயருக்கு ராவுத்தர் வந்தார். நான் கெட்டியான பெரிய பல் வைத்த டயர் ஒன்றைக் காட்டி அதைக் கேட்டேன். மலைக்கு அதுதானே பொருத்தம் என்று என் நினைப்பு.

"இழுக்கிறவனுக்குத்தானம்மா பல்லு வேணும். பின்னால வர்றவனுக்கு எதுக்கு?" என்று சிரித்தார் ராவுத்தர். நீள வரி மட்டும் போட்ட, பாதி தேய்ந்த இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். "பல்லு டயரு குலுக்கும், எரைச்சலா இருக்கும். படுத்திருக்கிற மனுசருக்கு ஆகாது. இது நல்லா மசிஞ்ச டயரு. காத்தும் கொஞ்சம் கம்மியா வச்சுக்கிருவோம்." தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கடையைச் சாத்திவிட்டுப் போனார். என் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் விடை கிடைத்துவிட்டது.

உயரம்தான் தகராறு. போஸ்டாபீசிலிருந்து வீட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். எக்ஸ்சேஞ்சில் என் சிநேகிதி இருந்ததால் உடனே கிடைத்தது. இரண்டேகால் அடி உயரம் வேண்டும் என்கிறார்கள் என்று இவரிடம் சொன்னேன்.

"அவ்வளவு ஒசரத்துக்கு என்னால காலைத் தூக்க முடியாது, கமலா," என்றார். பிறகு, "நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போடணும்னா நான் வரலை."

ஒன்றரை அடி என்றால் மலை விடாது, இரண்டேகால் அடி என்றால் இவர் ஏறமாட்டார். பட்டறைக்குத் திரும்புகிற வழியில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியின் முன்னால் நின்றுவிட்டேன். மாட்டு வண்டியில் இலவம் பஞ்சுப் பொதி வந்திருந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு ஏர்க்காலை மேலே தூக்கினார்கள். வண்டியின் பின்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தது. பொதிகளை இழுத்துத் தள்ளினார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. எங்கள் வண்டிக்கும் இரண்டே சக்கரம்தானே! ஜீப்பைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தைத் தூக்கினால் பின்பக்கம் தாழுமே! ஓட்டமாக ஓடிப்போய்ச் சின்னச்சாமியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். பின்கதவைக் கீழ்நோக்கித் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டால் அதுவே சரிவுப் பலகையாகிவிடும் என்றார். இரண்டேகால் அடிக்கு நான் சரி சொன்னேன்.

அந்த மகிழ்ச்சியில் கடைவீதியில் ஒரு ஏலக்காய் டீ கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏலக்காயெல்லாம் ஏலத்துக்குத்தான்க்கா. டீயில இஞ்சி வேணாத் தட்டிப் போடுறேன்." தெருவே மணக்கிற ஊரில் இஞ்சி டீ குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை முழுக்கப் பட்டறையில். அச்சு ஏறியது, சக்கரம் ஏறியது. ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கும்போது சின்னச்சாமி, "எத்தனை ஆள் லோடுக்கா?" என்று கேட்டார்.

"ஒரு ஆள்."

"போக வர?"

"போகவும் ஒரு ஆள், வரவும் ஒரு ஆள். அவர் மட்டும்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார், கூட வேலை செய்தவர்களையும் பார்த்தார். எல்லோரும் ஏதோ நான் வேடிக்கையாகப் பேசியது போலச் சிரித்தார்கள். "சரிக்கா, ஒரு ஆளுதான்," என்றார். சின்னப் பிள்ளையிடம் நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்கிற குரல் அது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஞாயிறு காலை வெள்ளோட்டம். மலையடிவாரத்து முந்தல் வரை போய்த் திரும்புவது. நான் கட்டிலில் படுத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய சொம்பை வயிற்றின்மேல் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்வதற்குள் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் ஏறினார்கள். முந்தலுக்குப் போக வேண்டிய வாழைத்தார்க்காரர் ஒருவர், அவர் தார்கள் நாலு, அவருக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர். போடியில் காலியாக ஒரு வண்டி நகர்வதைப் பார்த்தால் யாருக்கும் மனசு தாங்காது போலிருக்கிறது. வெள்ளோட்டம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். முந்தல் போய்ச் சேர்ந்தபோது சொம்பில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. தொட்டில் ஆட்டின மாதிரி இருந்தது. நான் பூரித்துப்போனேன்.

அன்று மாலை ரயிலில் இவர் வந்தார். என் தம்பி துணை. வழியெல்லாம் பலகை இருக்கையில் படுத்தபடி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் வண்டியின் முன்பக்கத்தைச் சின்னச்சாமி தூக்கிப் பிடிக்க, பின்பக்கம் தாழ்ந்தது. கதவுப் பலகை தரையைத் தொட்டது. நான் சொல்லாமலே ராவுத்தர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார், மற்றவர்களையும் திரும்பச் சொன்னார். இவர் கம்பை ஊன்றி ஏழு எட்டு அடி எடுத்து வைத்து, யாரும் தொடாமல், தானே உள்ளே ஏறிப் படுத்தார். கூரையைத் தடவிப் பார்த்தார். "அளவு சரியா இருக்கு," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி அடுத்த ரயிலுக்குத் திரும்பினான். வண்டியை மெதுவாக ராவுத்தர் கொட்டகைக்கு இழுத்து வந்தோம். இரவு இவர் அதிலேயே தூங்கினார்.

திங்கள் காலை கிளம்பினோம். சின்னச்சாமி ஜீப்பை ஓட்ட, நான் பக்கத்தில். ஏதாவது வேண்டுமென்றால் கம்பால் சுவரைத் தட்டுவது என்று இவரிடம் பேசிவைத்திருந்தேன். முந்தல் வரை ரோடு சமம், மெதுவாகப் போனதில் குலுக்கல் தெரியவில்லை. அங்கே ஆறு பெண்கள் மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். திங்களன்று மேலே தோட்டத்துக்குப் போனால் சனிக்கிழமை இறங்குகிறவர்கள். மூட்டையில் ஒரு வாரத்து அரிசி. ஏற்றிப் போகிற ஜீப்பு நிரம்பி முன்னாலேயே போய்விட்டதாம். வண்டி நின்றதுதான் தாமதம், ஒருத்தி எங்கள் டிரெய்லர் கதவில் கையை வைத்துவிட்டாள்.

நான் குதித்து இறங்கினேன். "யாரும் ஏறக்கூடாது. உடம்புக்கு முடியாதவர் வண்டி இது."

"வண்டி சும்மாதான போகுது?" என்றாள் அவள். பேச்சியம்மா என்று பிற்பாடு தெரிந்தது, ராசிங்காபுரத்துக்காரி.

"சும்மா போகலை. உள்ளே எங்க வீட்டுக்காரர் படுத்திருக்கார்."

"ஒத்த ஆளுக்கா இம்புட்டுப் பெரிய வண்டி! ஆத்தாடி!" ஆறு பேரும் சிரித்தார்கள். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, மலையில் குறுக்கே ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். சின்னச்சாமி, "அக்கா, அவங்கள..." என்று ஏதோ ஆரம்பித்தார். எக்ஸ்சேஞ்சில் செய்வதுபோல நான் அங்கேயே துண்டித்தேன்.

கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் பதினேழு என்றார்கள். முதல் வளைவிலேயே பின்னால் தடால் என்று சத்தம் கேட்டது. இரண்டாவதில் திரும்பிப் பார்த்தேன். நேற்றுத் தொட்டிலாக இருந்த வண்டி, சின்னக் கல்லுக்கெல்லாம் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது வளைவு திரும்புமுன் கம்பால் தட்டுகிற சத்தம். விடாமல் தட்டினார்.

கதவைத் திறந்தால், இவர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது.

"திரும்பிருவோம், கமலா."

"கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்றேன்."

"வேண்டாம். தப்பு என்னோடதுதான். மெத்துன்னு இருக்கும்னு நெனச்சுத்தான் போட்டேன். என் கணக்கு தப்பாப் போச்சு." சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார், அதற்கும் முடியவில்லை.

மூன்று வருஷத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் தாங்கிய மனசு, தன் கணக்கு தப்பிவிட்டது என்று அவர் சொன்னதைக் கேட்டு உடைந்துவிட்டது. என் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னச்சாமி தொண்டையைச் செருமினார்.

"சார், ஒங்க கணக்கு தப்பில்ல. நாந்தான் ரெண்டு பட்டை கூடப் போட்டேன்."

நான் திரும்பினேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"ஒத்த ஆளுன்னு அக்கா சொன்னாக. போடியில எவன் சார் ஒத்த ஆளுக்கு வண்டி கட்டுனான்? அக்கா சும்மா சொல்றாக, வழியில ஏழெட்டுப் பேரு ஏறத்தான் போறாகன்னு, அதுக்குத் தக்கன கட்டிட்டேன். நேத்து ஆள் இருந்துச்சு, அமுங்கிக் குடுத்துச்சு. இன்னைக்குச் சும்மா வண்டி. சும்மா வண்டி குதிக்கத்தான் செய்யும்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும், பட்டையை இங்கேயே கழற்ற முடியுமா என்றேன். வளைவில் வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்கினால் பள்ளத்துக்குப் போய்விடும் என்றார். டயரில் காற்றை இறக்கலாமா? ஏற்கெனவே இறக்கியாயிற்று, இனி இறக்கினால் ரிம்மில் உட்கார்ந்துவிடும். கல்லைத் தூக்கிப் போட்டுப் பாரம் ஏற்றலாமா?

"கல்லு உருளும்க்கா. சாரு மேல வந்து விழுகவா? ஆளுன்னா வளைவுக்கு வளைவு தானாச் சாஞ்சு குடுக்கும்."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த ஆறு பெண்களும் குறுக்குப் பாதையில் ஏறி எங்கள் வளைவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தாண்டிப் போகப் பார்த்தார்கள்.

எனக்கு அவர்களைக் கூப்பிட வெட்கம். ஆனால் அதற்கு முன்னால் இவரைக் கேட்க வேண்டும், அது அதைவிடக் கஷ்டம். ஆறு அந்நியப் பெண்கள் சுற்றி உட்கார, நடுவில் படுத்துக் கிடக்க வேண்டும். விருந்தாளி ஒருவர் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். குனிந்து, மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேலே பார்த்தால் மகள் வீட்டுக்குப் போகிற பாதை, கீழே பார்த்தால் போடி.

"வரச் சொல்லு," என்றார், கண்ணைத் திறக்காமல்.

போய்ப் பேச்சியம்மாவின் கையைப் பிடித்தேன். விவரத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப ஏறாதன்னீக, இப்ப ஏறுங்குறீக."

"தப்புத்தான் ஆத்தா. மன்னிச்சு ஏறுங்க."

"அட, இதுக்கு எதுக்கு மதினி மன்னாப்பு? நடக்கிறவளுக்கு வண்டி கசக்குதா?" என்று முதல் ஆளாக ஏறினாள். நீ முன்னால், நீ பின்னால், மூட்டை இந்தப் பக்கம் என்று சின்னச்சாமி பாரம் பார்த்து உட்கார வைத்தார். கதவைச் சாத்தினோம். வண்டி புறப்பட்டது. நான் கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தேன். நாலாவது வளைவு போனது. ஐந்தாவது போனது. வண்டி துள்ளவில்லை. கம்புச் சத்தமும் இல்லை.

ஆறாவது வளைவில் பேச்சுச் சத்தம். முன்னால் ஜன்னல் இல்லாததால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. இருபது வருஷத்து ஆபரேட்டர் காது இருந்தும் பயனில்லை. ஜீப்பு சூடாகித் தண்ணீர் ஊற்ற நின்றபோது ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இவர் முழங்காலுக்கு அடியில் ஒரு அரிசி மூட்டை இருந்தது. முகம் அந்தப் பெண்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

"எங்குட்டுண்ணே விழுந்தீக?" என்று பேச்சியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். யார் கேட்டும் சொல்லாத கதையை இவர் சொல்லிக்கொண்டிருந்தார். சாரம் எத்தனை அடி, எந்தக் கயிறு அறுந்தது என்று எனக்கே தெரியாத விவரமெல்லாம் வந்தது.

"எங்க வீட்டாளும் மாமரத்துல இருந்து விழுந்து ஆறு மாசம் கெடந்தாக. படுத்த படுக்கையில என்னய வைஞ்சு வைஞ்சே எந்திரிச்சாக. நீங்க மதினிய வையுறது பத்தாதுண்ணே," என்றாள் அவள்.

இவர் சிரித்தார். முதுகு வலிக்குமே என்று பயந்து சிரிக்கிற சிரிப்பு அல்ல, பழைய சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்க் குவளையைச் சின்னச்சாமியிடம் கொடுக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

போடிமெட்டில் பனி இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் இந்நேரம் மொட்டை மாடியில் வற்றல் காயும். இங்கே பல் கிட்டியது. டீக்கடையில் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினேன். அதற்குள் அங்கே பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து கேப்பைக்களியும் கருவாடும் இவருக்குப் பங்கு வைத்திருந்தார்கள். ஆறு பேர் பார்க்க, ஒருக்களித்துப் படுத்தபடி இவர் சாப்பிட்டார். கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்காரர் இருவர் மலையாளத்தில், "இதென்ன, கல்யாணக் கோஷ்டியா?" "இல்லை, மாப்பிள்ளை படுத்திருக்கிறாரே," என்று பேசிக்கொண்டது எனக்குப் புரிந்தது. உள்ளே எத்தனை பேர் என்று தமிழில் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் ஜன்னலிலிருந்து இவர் குரல் வந்தது.

"ஏழு பேர்."

தார் ரோடு முடிந்து தோட்டத்து ரோடு ஆரம்பித்தது. சின்னச்சாமி சொன்னபடியே இரண்டு தடமும் நடுவில் வரப்பும். சக்கரம் ஜீப்பின் தடத்திலேயே வந்தது, வயிறு தட்டவில்லை. ஒரு பிரிவில் பெண்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. அவர்கள் தோட்டம் இடப்பக்கம், மகள் வீடு வலப்பக்கம் இன்னும் இரண்டு மைல். நேரமாகிவிட்டது, போனால்தான் அன்றைக்குப் பேர் போடுவார்கள். அவர்கள் இறங்கினால் வண்டி மறுபடியும் சும்மா வண்டி.

பேச்சியம்மா வண்டியையும் ரோட்டையும் பார்த்தாள். "மூட்டையெல்லாம் உள்ள கெடக்கட்டும் மதினி. நீங்களும் ஏறிக்கங்க. வேலை முடிஞ்சு வந்து அரிசிய எடுத்துக்கிர்றோம். எங்களுக்கு என்ன, கைய வீசிக்கிட்டுப் போறோம்," என்றாள். ஒரு வாரத்துச் சோற்றை எங்களிடம் விட்டுவிட்டு ஆறு பேரும் வெறுங்கையோடு ஏலச்செடிகளுக்குள் இறங்கிப் போனார்கள். மூட்டைகளைச் சாய்த்துக் கட்டி, நான் அவற்றின் நடுவில் உட்கார்ந்தேன். சின்னச்சாமி நடை வேகத்தில் ஓட்டினார். கொஞ்சம் குலுங்கியது, தாங்கக்கூடிய குலுக்கல்தான்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். கதவுப் பலகை இறங்கியதும் இவர் கம்பை ஊன்றித் தானே நடந்து இறங்கினார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை. அடுப்படி, கிணறு, பின்பக்கத்து மிளகுக்கொடி எல்லாவற்றையும் இவர் பார்க்க வேண்டும் என்றார். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்துக் காட்டினோம்.

சாயங்காலம் பெண்கள் அரிசிக்கு வந்தார்கள். நான் கூப்பிடப் போகுமுன்பே இவர் கம்போடு வாசலுக்கு வந்து நின்றிருந்தார். அவரவர் மூட்டையை அடையாளம் சொல்லி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவர்கள் போன பிறகு சின்னச்சாமி ஸ்பானரும் கோணிச்சாக்குமாக வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"சார், இங்க தரை சமமா இருக்கு. அந்த ரெண்டு பட்டையையும் உருவி விட்டுர்றேன். பெறகு நீங்க யாரையும் எதிர்பாக்க வேண்டாம். ஒத்த ஆளா மெத்துன்னு போயிட்டு வரலாம்."

இவர் யோசிக்கவே இல்லை.

"கழட்டாதே. இருக்கட்டும்," என்றார். "சனிக்கிழமை அவங்க இறங்குறாங்கல்ல, அப்ப ஜீப்பைக் கொண்டா. நானும் போடிக்கு வர்றேன்."